பதிவேட்டை வைத்து விற்கும் விமானம்

இணைய ஏலத்தில் பழைய சிறு விமானம் கேட்பவர்களில் பலர் ஏலம் முடியும்வரை அதை நேரில் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது படங்களையும், விமானத்தில் செய்த வேலைகளை மெக்கானிக்குகள் எழுதிவைக்கும் பதிவேட்டின் பக்கங்களையும்தான். கும்பகோணத்தில் ஒரு மாடி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவின் கான்சாஸிலும் டெக்சாஸிலும் ஹேங்கர்களில், அதாவது விமானக் கொட்டகைகளில், நிற்கும் செஸ்னா நிறுவனத்தின் சிறு விமானங்களை ஏலத்துக்குத் தயார்செய்வது என் வேலை. விற்பனை முகவர், விமானம், உரிமையாளர், வாங்குபவர் எல்லாம் அங்கே. பதிவேடுகளைப் படித்துச் சுருக்கம் எழுதுவதும், இன்னும் எந்தப் படம் வேண்டும் என்று கேட்டு வாங்குவதும், ஏலம் நடக்கும்போது வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும், விற்ற பிறகு காகிதங்களைத் துரத்துவதும் எங்கள் பொறுப்பு. விமானம் விற்கிறேன் என்று உறவினர் வீட்டு விசேஷத்தில் சொன்னால் அடுத்த கேள்வி எப்படி வரும் என்று தெரியும் என்பதால், அமெரிக்கக் கம்பெனிக்குக் கணினியில் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

எங்களுக்கு வழிகாட்டியாக இருப்பவர் விமானப்படையின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றுத் தஞ்சாவூரில் குடியேறியவர். தினமும் ரயிலில் வருகிறார். நாங்கள் அவரை சார் என்போம். அவருக்கு நாங்கள் தம்பி, இல்லாவிட்டால் பாப்பா. அவர் படித்த விமானங்கள் வேறு, நாங்கள் விற்பவை வேறு. ஆனால் ஒரு மெக்கானிக் எதை எழுதினார் என்பதைவிட எதை எழுதாமல் விட்டார் என்று தேடும் கண் எல்லா விமானத்துக்கும் பொதுவானது என்பதை அவரிடம் பார்த்தேன்.

காவிரிப் படுகைக்கு ஏலம் புதிதல்ல. கோயில் தென்னந்தோப்பும் குளத்து மீனும் ஏலத்தில்தான் குத்தகைக்குப் போகின்றன. கோடையில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பருத்திக்கு மறைமுக ஏலம் நடக்கும். வியாபாரி குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு சுளையைப் பிய்த்து இழையை இழுத்துப் பார்ப்பார். பிறகுதான் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார். குவியலைப் பற்றி விவசாயி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. இணையத்தில் விமானம் கேட்பவருக்கு அந்தக் கை கிடையாது. அவர் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். ஆகவே விவசாயி பேசாமல் விட்ட அத்தனையையும் நாங்கள் எழுதியாக வேண்டும். ஈரம் இருந்தால் அதையும் சேர்த்து.

எங்களிடம் வருபவை பெரும்பாலும் என்னைவிட வயதில் மூத்தவை. செஸ்னா 172 முதலில் பறந்தது 1955இல். மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000க்கும் மேல் செய்யப்பட்டிருக்கின்றன, வேறெந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. ஆனால் இழப்பீட்டு வழக்குகளின் சுமையால் 1986இல் செஸ்னா நிறுவனம் ஒற்றைப் பிஸ்டன் இயந்திர விமானங்களின் உற்பத்தியை நிறுத்தியது. பதினெட்டு ஆண்டுகளைக் கடந்த சிறு விமானங்களுக்காகத் தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடர்வதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1994இல் வந்த பிறகே, 1996இல் மீண்டும் தொடங்கியது. இன்று புதிய 172 சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாத விலை. எழுபதுகளில் செய்தவை இன்றும் கைமாறிக்கொண்டே இருப்பதற்கு இது பெரிய காரணம். இணையத்தில் விமானம் விற்பதும் நேற்று வந்த பழக்கமல்ல. 2001இலேயே ஈபேயில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் 49 லட்சம் டாலருக்குப் போனது. நாங்கள் தொடுபவை அவ்வளவு பெரியவை அல்ல.

எல்லாவற்றையும் விவரிப்பதைவிட, ஒரு விமானத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது 1975இல் செய்த 172எம், அதாவது 172இன் ஒரு மாதிரி. உரிமையாளர் வயதாகிப் பறப்பதை நிறுத்திவிட்டார். விற்பனையை அவருடைய மகள் பார்த்துக்கொண்டார். அவர் அனுப்பிய முதல் குறிப்பில் பெருமையோடு இருந்த வரி, இயந்திரம் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்ட பிறகு 640 மணி நேரமே ஓடியிருக்கிறது என்பது. அதில் உள்ளது லைகாமிங் நிறுவனத்தின் ஓ-320 இயந்திரம்; ஒருமுறை புதுப்பித்த பிறகு மறுபடி பிரிப்பதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 2,000 மணி. கணக்குப் பார்த்தால் இன்னும் 1,360 மணி மிச்சம் இருப்பதுபோல் தெரியும்.

சார் குறிப்பைப் படித்துவிட்டு, "தம்பி, மணியப் பாக்காதீங்க, வருஷத்தப் பாருங்க" என்றார். புதுப்பித்தது 1998இல். மணி நிறையாவிட்டாலும் பன்னிரண்டு ஆண்டில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அதே தயாரிப்பாளரின் பரிந்துரைதான். சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவரை அமெரிக்கச் சட்டம் அதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இந்த வகை இயந்திரத்தில், வால்வுகளைத் திறக்கவைக்கும் முகடுகள் கொண்ட தண்டான கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. நீண்ட நாள் ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து கீழே இறங்கிவிடும், கேமின் முகடுகள் காற்றின் ஈரத்துக்கு வெறுமையாக நிற்கும், துரு பிடிக்கும். பிறகு ஓட்டும்போது அந்தத் துரு அரைத்து, உலோகத் துகள் எண்ணெயில் கலக்கும். ஆகவே ஓடிய இயந்திரத்தைவிட நின்ற இயந்திரத்தைக் கண்டுதான் விவரம் தெரிந்தவர் பயப்படுவார்.

மகளிடம் கேட்டபோது, அப்பாவின் நண்பர் ஒருவர் அவ்வப்போது ஹேங்கரிலேயே இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துகிறார், அதனால் நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று எழுதினார். அன்போடு செய்த காரியம்தான். ஆனால் தரையில் சற்று நேரம் ஓட்டுவது பறப்பதற்கு ஈடாகாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி எண்ணெயில் சேர்கிறது. அதை ஆவியாக்கி வெளியேற்றும் அளவுக்கு எண்ணெய் சூடாவதற்குள் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள். நன்மை என்று நினைத்து ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார் அந்த நண்பர். இதை எப்படிப் புண்படுத்தாமல் எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது சார் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கடிதத்தை எழுதுவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. விமான அறிவு அதற்குப் பிறகுதான்.

அந்த ஊர் மெக்கானிக்கைக் கொண்டு அமுக்கச் சோதனை செய்யச் சொன்னோம். 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சிலிண்டர் அதில் எவ்வளவைப் பிடித்துவைக்கிறது என்று பார்ப்பது அந்தச் சோதனை. நான்கு சிலிண்டர்களில் மூன்று 76, 74, 77 காட்டின; ஒன்று 62. 60க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்பது லைகாமிங்கின் அறிவுரை. நான்கு எண்களையும் அப்படியே ஏலக் குறிப்பில் போட்டோம். "அமுக்கம் நன்று" என்று ஒரே வார்த்தையில் முடிக்கும் விற்பனைக் குறிப்புகளை நிறையப் படித்திருக்கிறேன். அந்த வார்த்தையை நம்பி விலை ஏற்றுபவரை இன்னும் பார்க்கவில்லை.

படங்களிலும் அதே வழிதான். சூரியன் சாயும் நேரத்தில் இறக்கை பளபளக்கும் படத்தை எல்லோரும் அனுப்புகிறார்கள். நாங்கள் கேட்பது விமானத்தின் வயிற்றுப் பகுதி, இயந்திர உறையைத் திறந்து எடுத்தது, எண்ணெய் வழிந்த தடம், கதவின் அடிவிளிம்பு. இருக்கைத் தண்டவாளத்தை அருகில் வைத்து எடுக்கச் சொன்னதும் மகளுக்கு வியப்பு. செஸ்னாவில் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி ஓர் ஊசியால் துளையில் பூட்டுவார்கள். ஆண்டுக்கணக்கில் துளைகள் தேய்ந்து நீண்டுவிட்டால், விமானம் தரையை விட்டு எழும் நேரத்தில் ஓட்டுநரின் இருக்கை பின்னால் வழுக்கிப் போகலாம்; அவர் கையில் பிடித்திருப்பது விசைப்பிடி, அதையும் தன்னோடு பின்னால் இழுப்பார். இதற்காகவே அந்தத் துளைகளைக் குறித்த கால இடைவெளியில் சோதிக்கும்படி அரசு ஆணை இருக்கிறது. வந்த படத்தில் முன்பக்கத் துளைகள் இரண்டு லேசாக முட்டை வடிவம் எடுத்திருந்தன. அதையும் போட்டோம்.

பதிவேட்டில் 1989ஆம் ஆண்டு வரி ஒன்று சாரை நிறுத்தியது. ப்ரொப்பெல்லர் மாற்றப்பட்டது என்று இருந்தது. ஏன் என்று இல்லை. ஓடும்போது ப்ரொப்பெல்லர் தரையில் இடித்தால் இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததாகவும் எழுத்து இல்லை. அமெரிக்காவில் பதிவான ஒவ்வொரு விமானத்தின் கோப்பும் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள பதிவகத்தில் இருக்கிறது. யார் கேட்டாலும் சிறு கட்டணத்துக்குப் பிரதி கிடைக்கும். வரவழைத்துப் பார்த்தபோது, பெரிய பழுதுகளுக்கு எழுதப்படும் 337ஆம் எண் படிவம் ஒன்று அதே ஆண்டில் இருந்தது: முன்சக்கரம் தாங்கும் இடத்தில், இயந்திரத்துக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புத் தகடு மாற்றப்பட்டிருந்தது. முன்சக்கரம் மோதி இறங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மகள் ஒப்பவில்லை. அப்பா வாங்குவதற்கு முன் நடந்தது, முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது, எதற்கு எழுத வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயமற்றது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஏலம் கேட்கும் ஒருவர் அதே கோப்பை வரவழைத்து, கேள்விப் பகுதியில் அதைப் போட்டுவிட்டால், மற்ற எல்லா வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இங்கே சாதகமான செய்தியும் ஒன்று இருந்தது: அந்த மோதலுக்குப் பிறகு 1998இல் இயந்திரம் முழுதாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்த வரியாக எழுதிக் காட்டிய பிறகு அவர் சம்மதித்தார்.

அதே கோப்பில் வில்லங்கமும் கிடைத்தது. 1981இல் ஒரு வங்கி இந்த விமானத்தின் மீது கொடுத்த கடன் பதிவாகியிருந்தது. அடைத்துவிட்டதாக விடுதலைப் பத்திரம் பதிவாகவில்லை. கடன் எப்போதோ தீர்ந்திருக்கும். அந்த வங்கி வேறொன்றோடு இணைந்து, அதுவும் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. அந்தப் பழைய கடனைப் பற்றித் தெரிந்தவர் எவரும் இல்லாத அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசி, கடைசியில் வாரிசு வங்கியின் கையெழுத்தோடு காகிதம் வாங்கியதில் ஒரு பருவமே போய்விட்டது. அதுவரை ஏலத்தைத் தொடங்க முகவர் ஒப்புக்கொள்ளவில்லை. நம் பக்கத்தில் நிலம் வாங்கிப் பழகிய எங்களுக்கு இந்தத் தாமதம் விளங்கியது, மகளுக்குத்தான் விளங்கவில்லை.

ரிசர்வ் விலை பற்றி எனக்கும் முகவருக்கும் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. உரிமையாளர் உள்ளுக்குள் ஒரு விலையை வைத்துக்கொள்வார். ஏலம் அதைத் தொடாவிட்டால் விற்பனை இல்லை. அந்த விலை எவ்வளவு என்பது கேட்பவருக்குத் தெரியாது. விற்பவரைக் காக்க இது வேண்டும் என்பார் முகவர். என் பார்வையில், மறைத்த விலை நல்ல வாங்குபவரைத்தான் முதலில் விரட்டுகிறது. மெக்கானிக்குக்குப் பணம் கொடுத்து, விடுமுறை எடுத்துப் போய் விமானத்தைப் பார்த்து வரத் தயாராக இருப்பவர், எட்ட முடியுமா என்று தெரியாத விலைக்காக அந்தச் செலவைச் செய்யமாட்டார். எங்கள் 172எம் முதல் ஏலத்தில் ரிசர்வைத் தொடவில்லை. அடுத்த முறை ரிசர்வைக் குறைத்து, தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டோம். கேட்பவர்களும் கூடினார்கள், பார்த்துவரவும் ஒருவர் போனார்.

அங்கே ஞாயிறு இரவு எட்டு மணி, இங்கே கோடைக்காலக் கணக்கில் திங்கள் காலை ஆறரை. ஈபேயில் குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும். நாங்கள் பயன்படுத்திய தளத்தில் கடைசி நிமிடங்களில் யாராவது விலை ஏற்றினால் நேரம் நீளும். நீண்டு நீண்டு ஏழு மணியைத் தாண்டியது. போட்டியில் கடைசிவரை நின்ற இருவருமே முன்பு அந்த 62 எண்ணைப் பற்றியும் 1989ஆம் ஆண்டு வரியைப் பற்றியும் நேரடியாகக் கேள்வி கேட்டவர்கள். குறையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பெரிய விலை போட்டவர் ஒருவர் உண்டு. விலையைவிடக் கூடுதலான தொகைக்கு வங்கிக் காசோலை அனுப்புகிறேன், மீதியை விமானத்தை ஏற்றிவரும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள் என்று மகளுக்குத் தனியாக எழுதினார். இது பழைய மோசடி. காசோலை போலி என்று தெரியும்போது மீதித் தொகை போய்ச் சேர்ந்திருக்கும். அவரை முகவர் நீக்கினார். எல்லாப் பணமும் எஸ்க்ரோ கணக்கு, அதாவது விற்பனை முடியும்வரை பணத்தை நடுவர் ஒருவர் வைத்திருக்கும் கணக்கு, வழியாகத்தான் என்று முதல் வரியில் எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

வாங்கியவரின் பணம் எஸ்க்ரோவில் விழுந்த பிறகும், கிரயப் படிவத்தில் தகப்பனாரின் நடுப்பெயரின் முதலெழுத்து விடுபட்டதால் ஒரு சுற்று தாமதம். பதிவகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே கையெழுத்து இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் போட்டதா பின்னால் போட்டதா என்று தாலுகா அலுவலகத்தில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்டுச் சோதனை காலாவதியாகியிருந்ததால் வாங்கியவர் உடனே ஓட்டிக்கொண்டு போகவும் முடியவில்லை. அந்த ஊரிலேயே ஒரு பட்டறையில் விட்டு, பலவீனமான சிலிண்டரைக் கழற்றி, அந்த வழியாகக் கேம்ஷாஃப்டையும் பார்க்கச் சொன்னார். லேசான துருத் தடம் இருந்தது, அரிப்பு இல்லை என்று பட்டறை எழுதியது. இருக்கைத் தண்டவாளத்தையும் மாற்றிவிட்டார்கள்.

இப்போது மேசையில் இருப்பது 172என் என்ற இன்னொரு மாதிரி. அதில் உள்ள ஓ-320-எச்2ஏடி இயந்திரம் கேமும், அதன்மேல் உரசும் டேப்பெட்டும் தேய்வதற்குப் பெயர் போனது. விற்பனைக் குறிப்பைத் தொடங்கும் முன், கடைசியாக எண்ணெய் மாற்றியபோது உலோகத் துகள் இருக்கிறதா என்று வடிகட்டியை வெட்டிப் பார்த்தார்களா என்று உரிமையாளரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார் சார். கேட்டு எழுதிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.