வடக்குத் தலைமாடு

நவம்பர் 11, இரவு

அட்டெண்டர் பாஸ் ஒன்றுதான் தருவார்கள். அம்மாவைக் கடைசி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு நான் இருக்கிறேன். கட்டைப்பையில் பழைய சேலை இரண்டு, ஃபிளாஸ்க், கிரிஃபித்ஸின் மின்காந்தவியல் புத்தகம்.

அப்பா மூன்று தடவை விழித்தார். மூன்று தடவையும் ஒரே கேள்வி. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சொல் குழறி வருகிறது: "கெழக்கு எது தாயி?"

தெரியவில்லை. லிஃப்டில் ஏறி, இரண்டு வராண்டா திரும்பி வந்த இடம். ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினேன். நம்பவில்லை.

நவம்பர் 12

தூக்கம் வராததால் நெட் (விரிவுரையாளர் தகுதித் தேர்வு) இயற்பியல் மாடல் டெஸ்ட் போட்டேன். பார்ட் பி. சரியாகப் போட்டால் 3.5, தப்பென்றால் அதில் கால்வாசியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

கணக்கு இதுதான். 2 எக்ஸ் கேப் + ஒய் கேப் என்று ஒரு வெக்டர்; கேப் என்றால் அந்தத் திசையில் ஒரு அலகு. (−3, 4) என்ற புள்ளியில் அதை உருளை ஆயத்தொலைவில் எழுத வேண்டும், அதாவது மையத்திலிருந்து தூரம் ரோ, கோணம் ஃபை. ரோ 5. ஃபைக்கு டேன் இன்வர்ஸைத் தட்டினேன், கால்குலேட்டர் −53.13 டிகிரி என்றது. அதையே வைத்துப் போட்டேன். ரோ கேப்புக்கு 0.4, ஃபை கேப்புக்கு 2.2. நீளம் சரியா என்றும் பார்த்தேன்: 0.16 + 4.84 = 5. முதல் வெக்டருக்கும் 4 + 1 = 5. சரி என்று டிக் அடித்தேன்.

தப்பு. புள்ளி இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது. ஃபை 126.87 டிகிரி. காஸ் −0.6, சைன் 0.8. விடை −0.4, −2.2. இரண்டு குறியும் தலைகீழ். நீளத்தைச் சரிபார்த்தது எதற்கும் உதவவில்லை, நேர் எதிர்த்திசை வெக்டருக்கும் அதே நீளம்தானே. கால்குலேட்டருக்கு நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

(3, 4)-இல் அதே வெக்டர் 2 ரோ கேப் − ஃபை கேப். எத்தனை அழகாக வருகிறது. பாடம் நடத்துகிற எல்லோரும் (3, 4)-ஐயே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தக் கோளாறு.

நவம்பர் 13

அப்பாவின் ரத்தத்தில் சோடியம் 126. நேற்றைய கோணமும் 126 சொச்சம். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 14

ரவுண்ட்ஸில் டாக்டர், "ஐயா, இடது கையைத் தூக்குங்க" என்றார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைலில் ஏதோ எழுதினார்கள். எனக்குக் கோபம் வந்தது. தூக்க முடியவில்லை என்பது நிஜம்தான். ஆனால் எங்கள் வீட்டில் யார் இடது வலது என்று பேசினார்கள்? "தெக்க கெடக்கற சொம்ப எடு", "மேக்க தள்ளி உக்காரு", சாப்பிடும்போதுகூட "வடக்க இருக்கற அப்பளத்த எனக்கு வையி". இடது வலது என்பது உடம்போடு திரும்புகிற திசை. கிழக்கு யாருக்காகவும் திரும்பாது. எழுபது வருஷம் எக்ஸ், ஒய் என்றே வாழ்ந்த மனுஷனிடம் வந்து வேறு அச்சில் கேட்டால்?

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லவா முடியும். "அந்தப் பக்கத்துக் கையை"ன்னு தொட்டுக் காட்டுங்க சார் என்று மட்டும் சொன்னேன். தொட்டார். கை அசையவில்லை.

மத்தியானம் முழுக்கச் செக்கு ஞாபகம். கொட்டகை நடுவில் செக்கு, சுற்றி மாடு, புண்ணாக்கு வாசனை. எனக்கு ஆறு வயதிருக்கும், நுகத்தடிக்குப் பின்னால் பாரப் பலகையில் உட்கார்ந்து சுற்றுவேன். செக்கை மையமாக வைத்துக்கொண்டால் செக்கிலிருந்து மாட்டை நோக்கி ரோ கேப், மாட்டின் மூஞ்சி இருக்கிற பக்கம் ஃபை கேப். மாடு செக்குக்குக் கிழக்கே நிற்கும்போது ரோ கேப் கிழக்கு, ஃபை கேப் வடக்கு. கால் சுற்று போனதும் ரோ கேப் வடக்கு, ஃபை கேப் மேற்கு. மாட்டைக் கேட்டால் நேராகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொல்லும். அதற்கு முன்னால் என்றால் முன்னால்தான். கொட்டகைத் தூணில் சாய்ந்து பார்க்கிற அப்பாவுக்கோ ஒரு சுற்றில் நாலு திசையும் வந்து போகிறது.

ரோ கேப்பை ஃபையால் வகையிட்டால் ஃபை கேப். ஃபை கேப்பை வகையிட்டால் மைனஸ் ரோ கேப். அந்த மைனஸை பி.எஸ்சி.யிலிருந்து மனப்பாடமாக எழுதிவருகிறேன். இன்றைக்குத்தான் மாட்டின் மூஞ்சி ஒவ்வொரு அடிக்கும் துளித்துளியாகச் செக்குப் பக்கம் திரும்புவது கண்ணில் தெரிந்தது. முடுக்கத்தில் வருகிற அந்த மைனஸ் ரோ ஃபை-டாட் ஸ்கொயரும் இங்கிருந்து வருவதுதான்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. நான் சொன்னதெல்லாம் மாடு இடஞ்சுழியாகப் போனால். வலஞ்சுழியாகப் போயிருந்தால் ஃபை கேப் மாட்டின் வால் பக்கம். எங்கள் மாடு எந்தப் பக்கம் சுற்றியது? எவ்வளவு யோசித்தாலும் பலகையின் சூடும் கிறக்கமும்தான் ஞாபகம் வருகிறது. அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

நவம்பர் 15, காலை

கிழக்கைக் கண்டுபிடித்தாயிற்று. வராண்டாக் கோடி ஜன்னலில் சூரியன் வந்தது. முதல் வெயில் ஜன்னலுக்கு நேராக, எந்தப் பக்கமும் சாயாமல் வார்டுக்குள் விழுந்தது. கட்டில் அதற்குக் குறுக்கே கிடக்கிறது. தலைமாடு எந்தப் பக்கம் என்று பார்த்தால், வடக்கு. ஐந்து நாளாக வடக்கே தலை வைத்துப் படுத்திருக்கிறார். இதனால்தான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

பிறகு யோசித்தேன். நவம்பர் நடுவில் சூரியன் நேர் கிழக்கில் உதிக்காது, எங்கள் ஊர்ப் பக்கம் சுமார் 18 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். ஜன்னல் பார்க்கும் திசையும் அதுதான். அப்படியானால் தலைமாடும் நேர் வடக்கு இல்லை, வடக்கிலிருந்து 18 டிகிரி கிழக்கே. வடக்கு 0.95, கிழக்கு 0.31.

"நேர் வடக்கு இல்லப்பா, கெழக்கால சாஞ்சிருக்கு."

"எம்புட்டு?"

"மூணுல ஒரு பங்கு."

கண்ணை மூடிக்கொண்டார். போதவில்லை போல. சிஸ்டரிடம் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். தலைப்பக்கம்தான் தூக்க முடியும், மூக்கு டியூப் இருக்கிறது, கூடாது என்றுவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

நவம்பர் 15, இரவு

அண்ணன் ஃபோன். டிஸ்சார்ஜ் எப்போ, பில் எவ்வளவு. வடக்கைப் பற்றி அவனிடம் பேசவில்லை.

நவம்பர் 17

நேற்று எழுதவில்லை. காய்ச்சல் 102 வரை போனது.

இன்று வளையக் கணக்கு. சீரான மின்னூட்டம் உள்ள வளையம், அச்சில் ஒரு புள்ளி, மின்புலம் என்ன. ரோ கேப்பைத் தொகையிடலுக்கு வெளியே தூக்கி வைத்துவிட்டு, உள்ளே 0 முதல் 2 பை வரை தொகையிட்டேன். 2 பை ரோ கேப் என்று வந்தது. ஆரத்திசையில் புலமாம்! எந்த ஆரம்? அச்சில் நிற்கிறவனுக்கு ரோ கேப்பே கிடையாது. அங்கே ரோ பூஜ்யம், ஃபைக்கு அர்த்தமே இல்லை. ரோ கேப்பை காஸ் ஃபை எக்ஸ் கேப் + சைன் ஃபை ஒய் கேப் என்று பிரித்துப் போட்டால் இரண்டும் ஒரு சுற்றில் பூஜ்யமாகிவிடும், இசட் கேப் மட்டும் மிஞ்சும். நகராத பொருளைத்தான் வெளியே எடுக்கலாம். ரோ கேப் ஃபையோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதை கிரிஃபித்ஸ் எச்சரித்திருக்கிறார், நானே பென்சிலில் கோடு போட்டும் வைத்திருக்கிறேன். அவர் ரோ என்று எழுதுவதில்லை, எஸ் என்பார். ரோவை மின்னூட்ட அடர்த்திக்கு வைத்துக்கொள்வார். எங்கள் காலேஜ் நோட்டில் இரண்டுக்கும் ரோவே. ஒரே பக்கத்தில் இரண்டு ரோ. இரண்டு வருஷம் அதில் குழம்பியிருக்கிறேன்.

இன்னொன்று. எக்ஸ், ஒய்யிலிருந்து ரோ, ஃபைக்குப் போக மூன்று வரி, திரும்ப மூன்று வரி என்று ஆறு வரியைத் தனித்தனியாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அணியாக (மேட்ரிக்ஸாக) எழுதினால் நிரையை நிரலாக்கினாலே நேர்மாறு வந்துவிடுகிறது. எக்ஸ் கேப் = காஸ் ஃபை ரோ கேப் − சைன் ஃபை ஃபை கேப். ஒய் கேப் = சைன் ஃபை ரோ கேப் + காஸ் ஃபை ஃபை கேப். மைனஸ் இடம் மாறிக்கொண்டது, அவ்வளவுதான். இசட் கேப்புக்கு ஒரு வேலையும் இல்லை, அது அதுவேதான். மூன்றாவது வரியை எழுதுவதே வீண்.

காய்ச்சல் இப்போது 99.4.

நவம்பர் 18

சோடியம் 131. பிசியோ தம்பி வந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்தார். மோதிர விரல் வீங்கியிருக்கிறது.

நவம்பர் 19

கேட்டேன். கால்மாட்டில் நின்றுகொண்டு, "ஏப்பா, நம்ம செக்கு மாடு எந்தப் பக்கமா சுத்தும்?"

முகம் தெளிந்தது. எட்டு நாளில் முதல் தடவை. வலது கையைத் தூக்கிக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். மெதுவாக, முழு வட்டம். எனக்கு வலஞ்சுழியாகத் தெரிந்தது. நான் நிற்பதோ அவருக்கு எதிரே. அவருக்கு அது இடஞ்சுழி. ஓடிப்போய் அவர் தலைக்குப் பக்கத்தில் நின்று "இன்னொரு தடவை" என்றேன். போட்டார். இடஞ்சுழிதான்.

ஆனால் அவர் போட்டது எனக்கும் அவருக்கும் நடுவே எழும்பி நிற்கிற வட்டம். செக்கு தரையில் அல்லவா. வட்டத்தை அந்தப் பக்கம் சாய்த்துத் தரையில் போட்டால் மேலிருந்து பார்க்கிறவருக்கு இடஞ்சுழி. அவர் பக்கமாகவே சாய்த்துப் போட்டால் வலஞ்சுழி. மேல் எது என்று சொல்லாமல் சுற்றுக்குத் திசையே கிடையாது. வீண் என்று எழுதிய அந்த இசட் கேப்.

"போர்வை மேல போட்டுக் காட்டுங்கப்பா" என்று அவர் கையைப் பிடித்துப் படுக்கையில் வைத்தேன். விரல் பாதி தூரம் போனது. தூங்கிவிட்டார்.

நவம்பர் 20, காலை 6.20

எம்.ஆர்.ஐ.க்குக் கூப்பிடுகிறார்கள். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், வரமாட்டேன் என்கிறது. சோப்பு வாங்கக் கீழே போகிறேன்.