எருக்குழிப் பரம்பரை

நாலு வருஷம் கழித்து கவுன்சிலிலிருந்து மெயில் வந்தது. எனக்கு அரை பிளாட் ஒதுக்கியிருக்கிறார்களாம். விண்ணப்பம் போட்டதையே நான் மறந்திருந்தேன். வீட்டுக்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "பிளாட்டா? எத்தனை பெட்ரூம்?" என்றார்.

பெட்ரூம் இல்லை, மண். இங்கிலாந்தில் இதற்கு அலாட்மெண்ட் என்று பேர். காய்கறி போட்டுக்கொள்ள கவுன்சில் வாடகைக்கு விடும் துண்டு நிலம். கேட்கிறவர்களுக்கு நிலம் ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் கடமை என்று 1908-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். எப்போது என்பதை மட்டும் போடவில்லை போல. அளவு இன்னும் பழைய 'ராட்' கணக்குதான். முழு பிளாட் 10 ராட், சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறு சென்ட்டும் சொச்சமும். எனக்கு வந்தது அதில் பாதி.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். மன்னார்குடிப் பக்கம் அம்மாவுக்கு இன்னும் வயல் இருக்கிறது. "மூணு சென்ட்டுக்கா நாலு வருஷம் காத்துக்கிடந்த? இங்க நம்ம வைக்கப்போர் நிக்கிற இடமே அவ்வளவு இருக்கும்டி" என்றாள். பிறகு, "லண்டன் போயி மண்வெட்டி புடிக்கப் போறியா?" என்று ஒரு பெருமூச்சு. நாங்கள் இருப்பது வேக்ஃபீல்டில், லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் வடக்கே. அம்மாவுக்கு அதுவும் லண்டன்தான்.

செப்டம்பரில் சாவி வாங்கிக்கொண்டு போனால், மூணு சென்ட்டும் இடுப்பளவு களை. வீட்டுக்காரர் சென்னையில் மூணாவது மாடியில் வளர்ந்தவர். அரை டிராயரோடு உள்ளே இறங்கி, இரண்டே எட்டில் அலறிக்கொண்டு வெளியே வந்தார். நெட்டில். நம்மூர்க் காஞ்சொறிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு செடி. அப்போதுதான் பக்கத்து பிளாட் தாத்தா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்தார். எண்பதைத் தொடப்போகிற வயசு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். "ஆர்ரைட், லவ்?" என்று என்னைக் கேட்டார். வீட்டுக்காரர் அரிப்பை மறந்து நிமிர்ந்து பார்த்தார். யார்க்‌ஷரில் பஸ் டிரைவர், மீன் கடைக்காரர் எல்லோருக்கும் எல்லோரும் 'லவ்'தான் என்று அவருக்குப் புரியவைக்கத் தனியாக ஒரு சாயங்காலம் ஆனது.

தாத்தா காலடியிலிருந்து அகலமான இலை ஒன்றைப் பறித்து வீட்டுக்காரர் கெண்டைக்காலில் பரபரவென்று தேய்த்தார். "டாக் இலை. நெட்டில் கடித்தால் இதுதான்." நானும் இரண்டு இலை பறித்துத் தேய்த்துவிட்டேன். இந்த இலையை நான் கையால் பறித்தேன், கண்ணால் பார்த்தேன் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் வேலை கம்போஸ்ட் தொட்டி. நாலு மரப் பலகைத் தட்டுகளை நிறுத்திக் கம்பியால் கட்டினால் தொட்டி தயார். எப்படிப் போடுவது என்று தாத்தா சொல்ல ஆரம்பித்ததும் நான் சிரித்துவிட்டேன். எனக்கா கம்போஸ்ட் சொல்லித் தருகிறார்? எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த எருக்குழியில் ஏழு வயதில் கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு போய் இடுப்பளவு விழுந்து எழுந்தவள் நான். எருக்குழிப் பரம்பரை.

மூன்று வாரம் வீட்டுக் கழிவு முழுக்க ஒரு நீல வாளியில் சேர்ந்து தொட்டிக்குப் போனது. வாழைக்காய்த் தோல், கொத்தமல்லி வேர், வெண்டைக்காய்க் காம்பு, முருங்கைச் சக்கை, ஃபில்டர் காபி மண்டி. அம்மா வேறு, "மீந்த சோத்தையும் போடு, நல்லா மக்கும்" என்றாள். போட்டேன். நாலாவது வாரம் மூடியைத் திறந்தபோது அடித்த வாடையில் கண்ணில் தண்ணீர் வந்தது. கீழே வழவழவென்று கறுப்புக் கூழ். அதன் நடுவில், முந்தாநாள் சாம்பார் சாதத்தின் மேல், முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓர் எலி. அது என்னைப் பார்த்துப் பயப்படவே இல்லை. நான்தான் ஓடினேன்.

தாத்தா வந்து எட்டிப் பார்த்தார். அவர் மூக்கைக்கூடச் சுளிக்காததுதான் அவமானமாக இருந்தது. "எல்லாமே பச்சை. பழுப்பு எங்கே?" என்றார்.

பச்சை என்றால் ஈரமான, நைட்ரஜன் உள்ள சமாச்சாரம்: காய்த்தோல், புல், காபி மண்டி. பழுப்பு என்றால் காய்ந்தது, கார்பன்: அட்டை, சருகு, வைக்கோல். நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 30 பங்கு வாக்கில் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். ஈரம் மிஞ்சினால் காற்று போகாது. காற்றில்லாவிட்டால் மக்காது, அழுகும். சமைத்ததைப் போட்டால் எலி சம்பந்தி மாதிரி வந்து உட்காரும்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டு எருக்குழியில் காய்த்தோல் எப்போது போட்டோம்? தோல், மீந்த சோறு, கஞ்சி எல்லாம் கழுநீர்த் தொட்டிக்குப் போகும், மாடு குடிக்கும். குழிக்குப் போனது சாணி, மாடு கழித்த வைக்கோல், வாசல் கூட்டிய சருகு, அடுப்புச் சாம்பல். பாதிக்கு மேல் பழுப்புதான். நடுவில் இருந்த மாட்டை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேக்ஃபீல்டில் மாட்டுக்கு எங்கே போவது?

அட்டைக்கு மட்டும் பஞ்சமில்லை. வீட்டுக்காரர் ஆன்லைனில் வாங்கிக் குவித்த பெட்டிகள் கராஜ் முழுக்க. "பாத்தியா, ஒருநாள் உதவும்னு சொன்னேன்ல" என்று டேப்பை உரித்து உரித்துக் கிழித்துக் கொடுத்தார். கூழைக் கிளறி, அட்டையும் சருகும் அடுக்கடுக்காகப் போட்டு, பக்கத்தில் வெட்டிய புல்லையும் தூவினோம். டீ பேக் பிறகு செய்த வேலை தனி. சில டீ பேக்கில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கிறது. டீத்தூள் மக்கிவிடும், பை மட்டும் மக்காமல் குட்டிக் கொசுவலை மாதிரி மண்ணில் இன்றைக்கும் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

புல் போட்ட அடுத்த வாரம், குளிர்ந்த ஒரு காலையில், தொட்டியிலிருந்து புகை. நெருப்புப் பிடித்துவிட்டது என்று நான் தண்ணீர் வாளியோடு ஓட, தாத்தா குறுக்கே கை நீட்டித் தடுத்தார். ஆவிதானாம். குவியல் சரியாக வேலை செய்தால் உள்ளே 60 டிகிரி வரை சூடாகும். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி இருந்தது. அம்மாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். பரம்பரை மானம் ஒருவழியாகத் திரும்பியது.

தாத்தா பிறகு வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ ரகசியம் சொன்னார். இவர் முகம் சிவந்து திரும்பி வந்தார். "குவியல் இன்னும் வேகமா மக்கணும்னா, சாயங்காலம் ஆள் இல்லாத நேரமாப் பாத்து, நான் வந்து அதுமேல..." என்று நிறுத்தினார். நைட்ரஜனுக்காகத்தான். நான் நம்பாமல் தேடிப் பார்த்தேன். கேம்பிரிட்ஜ்‌ஷரில் விம்போல் ஹால் என்ற பெரிய மாளிகைத் தோட்டத்தில் 2009-ல் ஆண் ஊழியர்களுக்கு இதற்கென்றே வைக்கோல் கட்டு வைத்திருந்தார்களாம். வீட்டுக்காரர், "எங்க ஊர்ல செவுத்துல எழுதி வெச்சு வேணாம்பாங்க. இங்க கேட்டு வாங்குறாங்க" என்றார். கொடுத்தாரா இல்லையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பரில் தாத்தா தன் ரூபார்ப் செடியை, புளிப்பான தண்டுக்காக வளர்க்கிற செடி அது, தோண்டி, மண்வெட்டியால் மூன்றாகப் பிளந்து, ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். இந்த ஊரில் ரூபார்ப் சாதாரண விஷயம் இல்லை. வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் மூன்றுக்கும் நடுவில் இருக்கிற இடத்துக்கே ரூபார்ப் முக்கோணம் என்று பேர். குளிர்காலத்தில் வேரோடு இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பறிப்பார்கள். மொட்டு விரிகிற சத்தமே காதில் விழும் என்கிறார்கள். 2010-ல், ஷாம்பெய்ன் மாதிரி, இதுவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர்களில் ஒன்றானது. ஊரில் ரூபார்புக்குச் சிலைகூட இருக்கிறது. நம்மூரில் தலைவர்களுக்கு வைப்பார்கள், இங்கே தண்டுக்கு.

கையில் கிடைத்ததோ, மாடு மிதித்த கருணைக்கிழங்கு மாதிரி ஒரு பழுப்புக் கட்டி. உச்சியில் மட்டும் ரோஸ் கலரில் ஒரு மொட்டு. கருணைக்கிழங்கு மாதிரி இருந்ததால் கருணைக்கிழங்கு மாதிரியே ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன். மறுநாள் தாத்தா வந்து, "மொட்டு எங்கே?" என்றார். உள்ளே என்றேன். தோண்டச் சொன்னார். மொட்டு மண் மட்டத்தில் தெரிய வேண்டும், இல்லையென்றால் ஈரத்தில் அழுகிவிடுமாம். கீழே குதிரை எரு போட்டுத் திரும்ப நட்டேன். அந்த எருவை ஐந்து மூட்டை காரில் ஏற்றி வந்த கதை வேண்டாம், வீட்டுக்காரர் இன்னும் அதைப் பற்றிப் பேசத் தயாராக இல்லை. அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டேன்.

டிசம்பரில் அடித்த புயலில் குச்சி பறந்துபோய் தாத்தாவின் முட்டைக்கோஸில் கிடந்தது. எடுத்துவந்து குத்துமதிப்பாக ஓர் இடத்தில் ஊன்றினேன். ஜனவரியில் ஒருநாள் நீல வாளியைக் கழுவி, காயட்டும் என்று கவிழ்த்துவைத்தேன். அதுவே என் முக்காலி ஆகிவிட்டது. பிப்ரவரிக் கடைசியில் குச்சிக்குப் பக்கத்தில் பச்சை தெரிந்தது!

அதற்குப் பிறகு நான் வேறு ஆள். பிரசவித்த மகளைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டேன். நத்தை வராமல் முட்டையோடு வளையம். நானே செய்த கம்போஸ்ட்டின் முதல் சல்லடை அதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாளிமேல் உட்கார்ந்து, ஃபிளாஸ்க் காபியைக் குடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீளமாக, அகலமாக, ஓரம் நெளிநெளியாக, என்ன அழகான இலை!

மார்ச் கடைசியில் முழங்கால் அறுவை முடிந்து தாத்தா திரும்பி வந்தார். கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் செடியைப் பார்த்தார். முட்டையோட்டு வளையத்தைப் பார்த்தார். கறுகறுவென்ற கம்போஸ்ட்டைப் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

"லவ், இது டாக்."

வீட்டுக்காரர் குனிந்து தன் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டார். டாக்கும் ரூபார்பும் ஒரே குடும்பமாம், யாருக்கும் வரும் குழப்பம்தான் என்று தாத்தா ஆறுதல் சொன்னார். எலிக்குக்கூட வராது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

"அப்போ ரூபார்ப்?"

அவர் வேலிக் கம்பத்திலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டே வந்து, நேராக என் முன்னால் நின்றார். "கொஞ்சம் எழுந்திரு, லவ்."

எழுந்தேன். வாளியைத் தூக்கினேன். உள்ளே ஏழெட்டுத் தண்டுகள், குங்குமத்தைப் பாலில் கரைத்த மாதிரி ரோஸ், மேலே இடிக்க இடமில்லாமல் வளைந்து வளைந்து. நுனியில் மஞ்சள் இலைகள் பிறந்த குழந்தையின் கைபோல மூடிக்கிடந்தன. இருட்டில் வளர்ந்தால் இப்படித்தான் வரும். கொட்டகையில் மெழுகுவத்தி வைத்துச் செய்கிற அதே வேலையை நான் இரண்டு மாதமாக உட்கார்ந்தபடியே செய்திருக்கிறேன். 1817-ல் லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தில் யாரோ தெரியாத்தனமாக ரூபார்ப் மேல் மண்ணைக் குவித்துவிட்டுப் போனதில்தான் இந்த முறையே தெரியவந்ததாம். அவர்களாவது மேலே உட்காரவில்லை.

பறிக்கக் கை நீட்டினேன். தாத்தா தட்டிவிட்டார். நட்ட முதல் வருஷம் ஒரு தண்டுகூட எடுக்கக்கூடாது, அதிலும் இருட்டடித்த செடி மிகவும் சோர்ந்திருக்கும். அடுத்த வருஷம் நாலைந்து, அதற்கடுத்த வருஷம்தான் வயிறார. நாலு வருஷம் காத்திருந்தவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று வீட்டுக்காரர் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை.

என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, தாத்தா தன் பழைய செடியிலிருந்து ஒரு கட்டு கொடுத்தார். கத்தி கிடையாது. தண்டின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் சளக்கென்று கழன்று வரும். அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "கீரை தளதளன்னு இருக்கே, பருப்பு போட்டுக் கடை" என்றாள். ஐயோ, இலையில் ஆக்ஸாலிக் அமிலம், விஷம். முதல் உலகப்போரில் பஞ்சத்துக்கு இலையைத் தின்னச் சொல்லி ஆட்களே செத்திருக்கிறார்கள். இலை கம்போஸ்ட்டுக்குத்தான், அங்கே அமிலம் சிதைந்துவிடும். தமிழில் இதற்கு என்ன பேர் என்று தேடி, இரேவற்சின்னி வகை என்று சொன்னதும் அம்மா அலறினாள். "அடியே, அது நாட்டு மருந்துக் கடையில பேதிக்கு வாங்குறதுடி!" அது வேர், நாங்கள் சாப்பிடப்போவது தண்டு.

நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய்த்தூள், கொஞ்சம் வெல்லம். வதக்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் தண்டு மொத்தமும் கரைந்து தொக்காகிவிட்டது. புளிச்சகீரைக்கு அக்கா மாதிரி ஒரு புளிப்பு. வீட்டுக்காரர் தயிர்சாதத்துக்கு மூன்றாவது முறை போட்டுக்கொண்டபோதுதான், "வேர்லதானே? நிச்சயமா வேர்லதானே?" என்று கேட்டார்.

டாக்கைத் தோண்ட ஒரு முழு மதியம் ஆனது. என் கம்போஸ்ட்டைத் தின்று கேரட் மாதிரி முழ நீளத்துக்கு மஞ்சள் வேர் விட்டிருந்தது. ரூபார்புக்குப் பக்கத்தில் இப்போது மூங்கில் குச்சி இல்லை. வீட்டுக்காரர் இரும்புக் கம்பி அடித்து, பலகையில் பெயின்டால் தமிழில் எழுதி மாட்டியிருக்கிறார். போன வாரம் தாத்தா அதைப் பார்த்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "ரூபார்ப்" என்று சொன்னேன்.

இவ்வளவு நீளமாகவா என்றார். தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை என்று சொல்லிவைத்தேன். பலகையில் இருப்பது: "இதுதான் ரூபார்ப். சத்தியமா. உட்காராதே."