பீலிக்குள்ள கிடந்தது

"செயலாளருக்கு ஆரும் விருப்பமோ?" எண்டு பெற்றார் கூட்டத்தில டீச்சர் கேட்டதும் எல்லாரும் குனிஞ்சு செருப்பைப் பார்த்திச்சினம். நான் விசிறியைப் பார்த்தன். அதுதான் பிழை.

"அப்ப நீங்களே செய்யுங்கோ அக்கா."

ரெண்டாம் வகுப்புக் கதிரையில, முழங்கால் நெஞ்சில முட்ட இருந்துகொண்டு, மாட்டன் எண்டு சொல்லேலுமே?

இண்டைக்கு முதல் சிரமதானம். திருகோணமலையில ஐப்பசி பிறந்தா மழைக்கு நாள் பார்க்கேலாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு அதிபர்தான் தலைவர். கூரைப் பீலியில கிடக்கிற வேப்பஞ்சருகுக்கு ஆரும் இல்லை.

வாட்ஸ்அப்பில கட்டைவிரல் காட்டினது பத்துப் பேர். வந்தது நாலு பேரும், ஊருக்குள்ள திரியிற ரெண்டு மானும். (போன மாசம் பிள்ளையள் நட்ட பயத்தங்கொடியை முடிச்சதும் இந்த மானுகள்தான்.)

கூட்டத்தில வாயே திறக்காத ஒரு ஐயா, கடலால வந்த கையோட மதிலில ஏறினார். வலை இழுக்கிற மாதிரியே சருகை இழுத்தார். கூடவே ஒரு டெனிஸ் பந்து, பிறகு ஒரு சின்னச் சப்பாத்து.

உள்ளுக்குள்ள மகன்ர பேர். என்ர கையெழுத்து.

கேற்றடியில இறக்கிவிட்டுட்டு அப்பிடியே திரும்புற ஆள் நான்.

"பெரிய அண்ணாமார் கூரையில எறிஞ்சவை அம்மா" எண்டுதான் அவன் அண்டைக்கும் சொன்னவன். நான்தான் நம்பேல்ல.