கிள்ளான் ஆற்றுக்குள் சேரும் கழிவுநீர்

கோலாலம்பூரின் மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் நிற்கும்போதெல்லாம், மேற்பகுதிக் குடியிருப்புகளின் கழிவுநீர் நினைவுக்கு வந்து மனத்தை உறுத்துகிறது. மலேசியாவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் விடப்படும் சுத்திகரித்த கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மற்ற இடங்களில் 50 வரை அனுமதி உண்டு. நகரைக் கடந்து ஓடும் ஆற்றுக்கு இந்த இரண்டாவது அளவு தாராளமானது என்றே கருதுகிறேன். ஏனெனில் எஞ்சிய அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ள, மீன்களுக்கு மிஞ்சுவது குறைகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றைச் செலுத்துவதும், அதே நுண்ணுயிர்கள் தொட்டியிலேயே வேலையை முடிக்கட்டும் என்பதற்காகத்தான். செப்டிக் டேங்க் வைத்திருக்கும் பெரியம்மா வீட்டில் கசடு அள்ளிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தீபாவளிக்குள் அவரிடம் பேசி லாரியை வரவழைக்கப் போகிறேன்.