கண்ணுக்குத் தமிழ், காதுக்கு அரைப்புள்ளி

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் தமிழ் கற்பிப்பவர்களாகிய எங்களிடையே பாடத்தாள்கள் வாட்ஸ்அப் வழியே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் பல பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் பார்வையற்ற மாணவி ஒருத்தி அந்தக் கோப்பை, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானில் திறந்து எழுத்தெழுத்தாகக் கேட்டால், ‘அம்மா’ என்று இருக்கும் இடத்தில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றுதான் அவள் காதில் விழும். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவதே அந்த எழுத்துருவின் வேலை. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பும் பி.டி.எஃப் இதைவிட மோசம்: அது வெறும் படம் என்பதால் வாசிப்பான் வாயே திறக்காது.

ஆகவே முதல் வேலை, தமிழ் எழுத்தைக் கணினி தமிழாகவே அறியும் யூனிகோடு முறைக்கு மாற்றுவது. அதோடு முடிந்துவிடுவதில்லை. எங்கள் பிள்ளைகளின் கணினிகள் ஆங்கிலத்தில் இயங்குபவை. நாங்கள் உருவாக்கும் பக்கங்களிலும் ஆங்கில விளக்கத்துக்கு நடுவே தமிழ் வரிகள் வரும். எந்தப் பகுதி தமிழ் என்பதை இணையப் பக்கத்தின் நிரலிலேயே குறித்துவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ வாசிப்பான், தன்னுடன் வரும் ஈஸ்பீக் என்ற குரல் தொகுப்பின் தமிழ்க் குரலுக்குத் தானாகவே மாறிக்கொள்ளும். அந்தக் குரலில் இனிமையை எதிர்பார்க்க வேண்டாம். பாடம் புரியும், அது போதும்.

ஓரளவு பார்வையுள்ள மாணவர்களுக்குச் சிக்கல் வேறு. தமிழில் ஒரு சிறு புள்ளி தெரியாமற்போனால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். வெளிர்மஞ்சள் பின்னணியில் ஆரஞ்சு எழுத்தை வைப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் வரையறை. புள்ளியை நம்பியிருக்கும் நம் எழுத்துக்கு அதையும் தாண்டிப் போவதே நல்லது என்பது என் எண்ணம்.

பதிப்புரிமைக்கு அஞ்சிப் பாடநூலை மாற்றி எழுதத் தயங்கும் ஆசிரியர்கள் இங்கே உண்டு. 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூல்களை மாற்ற இடம் தராதது அரசமைப்புக்கு முரணானது என்று, பார்வையற்றோருக்கான பிளைண்ட் எஸ்.ஏ. அமைப்பு தொடுத்த வழக்கில் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2023இல் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 12ஆவது அதிகாரபூர்வ மொழியானது. எங்கள் திருக்குறள் காணொளிகளிலோ, காது கேளாத பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்ள எழுத்து வரிகள்கூட இன்னும் இல்லை.

இணைய விளையாட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உயிர்மெய் எழுத்தை இழுத்துப் படத்தின் மேல் போடச் சொல்லும் பயிற்சி பிள்ளைகளுக்குப் பிடிக்கும்; கை நடுக்கம் உள்ள பிள்ளைக்கு மட்டும் அது தண்டனை. மேலே சொன்ன இணைய அணுகல் வழிகாட்டுதல்களின், 2023 அக்டோபரில் வெளியான 2.2 பதிப்பு, இழுப்பதற்குப் பதிலாகத் தொட்டுத் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. புதிய தளம் ஒன்றை வகுப்புக்குத் தேர்ந்தெடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு, டாப் விசையையும் என்டர் விசையையும் மட்டும் கொண்டு ஒரு பயிற்சியை முடிக்க முடிகிறதா என்றும் சோதியுங்கள். நேர வரம்பை நிறுத்தும் வசதி இல்லாத தளத்தை நான் எடுத்துக்கொள்வதே இல்லை.