சூனியக்காரர் நடனமும் என் ஆய்வேடும்

17ஆம் நூற்றாண்டு ஜெர்மன் எழுத்தாளர் கிரிம்மல்ஸ்ஹவுசன் சூனியத்தை நம்பினாரா? முதுகலை ஆய்வேட்டுக்கு அவருடைய 'சிம்ப்லிசிசிமுஸ்' நாவலை எடுத்திருக்கிறேன் என்றதும் துறையில் எல்லோரும் கேட்டது இதைத்தான். வழிகாட்டிப் பேராசிரியர் மட்டும், "அதை விடுங்கள். அவர் எதையெல்லாம் படித்தார் என்று முதலில் தேடுங்கள்" என்றார்.

1668இல் வெளிவந்த அந்த நாவலில் எனக்கு வேண்டியவை இரண்டாம் பாகத்தின் 17, 18ஆம் அத்தியாயங்கள். அந்த நூற்றாண்டில் ஜெர்மன் பகுதிகளைச் சீரழித்த முப்பதாண்டுப் போரில் அலைகிற சிறுவன், தின்பதற்கு ஏதாவது திருடலாம் என்று ஒரு குடியானவர் வீட்டில் நுழைகிறான். அங்கிருப்பவர்கள் துடைப்பத்திலும் நாற்காலியிலும் எதையோ பூசி, ஜன்னல் வழியாகப் பறக்கிறார்கள். இவன் உட்கார்ந்த பெஞ்சும் கிளம்பிவிடுகிறது! போய் இறங்கிய இடத்தில் பாம்பைக் குழலாக ஊதிக்கொண்டு ஆட்டம் நடக்கிறது. பயந்துபோய்க் கடவுளைக் கூப்பிடுகிறான், எல்லாம் மறைகிறது. ஜெர்மனியின் ஹெஸ்ஸனில் ஏறியவன், வெகு தூரத்திலுள்ள மாக்டபுர்க் நகரத்துப் பக்கம் கிடக்கிறான்.

கிரிம்மல்ஸ்ஹவுசன் படித்த நூல்களைத் தேடுவதற்கு, 17ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அச்சு நூல்களுக்கான வி.டி.17 இணையப் பட்டியல் பெரிய உதவி. பல நூல்களின் பக்கப் படங்கள் அதிலிருந்தே திறக்கும். படிப்பதுதான் பாடு. ஃபிராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தில் நீள 's'க்கும் 'f'க்கும் வித்தியாசம் நடுவில் ஒரு சின்னக் கோடு. மை பரவியிருந்தால் அதுவும் தெரியாது. காற்புள்ளிக்குப் பதில் சாய்கோடு. கண் பழகும்வரை, தெரிந்த பைபிள் வசனங்களைப் பழைய அச்சில் வாசித்துப் பயிற்சி எடுத்தேன். இதைவிட நல்ல குறுக்குவழி இல்லை.

நிக்கோலா ரெமியிடம் வந்தபோது வேலை சூடுபிடித்தது. லொரேன் பகுதி நீதிபதியான இவர், 15 ஆண்டுகளில் ஏறக்குறைய 900 பேர் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டதைத் தன் 1595ஆம் ஆண்டு நூலின் தலைப்புப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டவர். படிக்கப் படிக்க வயிற்றைப் புரட்டும். சூனியக்காரர்கள் பறப்பது உண்மைதான் என்பதற்கு நாவலின் 18ஆம் அத்தியாயம் அவரைச் சாட்சிக்கு அழைக்கிறது. கூடவே, சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற ஃபாவுஸ்ட் என்பவரைப் பற்றி 1587இல் அச்சான கதையையும். கடைசியில், "நம்பாதவர்கள், இவ்வளவு சீக்கிரம் நான் மாக்டபுர்க் வந்துசேர வேறு வழி கண்டுபிடியுங்கள்" என்று கதை சொல்லும் அந்தச் சிறுவனின் சவால் வேறு!

சாட்சிகளை அடுக்கும் நீதிபதிகளின் முறையையே கிரிம்மல்ஸ்ஹவுசன் கேலி செய்கிறார் என்று எழுதினேன். ஃபாவுஸ்டுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டதாக மதிப்பீட்டாளர் ஒருவர் குறிப்பெழுதினார். நான் ஏற்கவில்லை. விசாரணை நடத்திய நீதிபதியும் சந்தைக் கதைப் புத்தகமும் ஒரே வரிசையில், ஒரே மதிப்புள்ள சாட்சிகளாக நிற்கிறார்கள். நையாண்டியே அங்கேதான் இருக்கிறது.