முசலும் முயலும்

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்னும் ஊரில் வரைபடங்களுக்கு இடப்பெயர் சரிபார்க்கும் பணியில் சேர்ந்த புதிதில், என் பட்டியலில் ஒரு தீவு கூடுதலாக முளைத்தது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் தூத்துக்குடி வரை 21 தீவுகள். அவற்றில் 7 மண்டபம் தொகுதியைச் சேர்ந்தவை. எனக்கோ 8 வந்தது. ஒரு படத்தில் 'ஹேர் ஐலண்ட்' என்றும் மற்றொன்றில் 'முசல் தீவு' என்றும் இருந்ததைத் தனித்தனி வரிசைகளில் எழுதியிருந்தேன். கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். “முசலுன்னா முயலுதானே தம்பி, இதைக் கேக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?” என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆங்கில 'ஹேர்' என்பதும் முயல்தான்; இரண்டும் ஒரே தீவு.

அதன்பின் காதால் கேட்காத பெயரை நான் எழுதவில்லை. மூன்று புறமும் கடல் சூழ நீளும் மண்டபத்து நிலத்தைப் பாடநூல் தீபகற்பம் என்னும். கரையில் அச்சொல்லை ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. வடக்கே இருப்பது, 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராயிருந்த ராபர்ட் பாக்கின் பெயரைத் தாங்கிய விரிகுடா; மீனவருக்கு அது வடகடல், அமைதியானது என்பதால் பெண்கடல். அலை மிகுந்த தென்கடல் ஆண்கடல். ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் பெண்கடலே சீறுவதால், தொழில் தென்கரைக்கு மாறிவிடுகிறது. பெயரை நம்பி யாரும் படகை இறக்குவதில்லை.

பாம்பனுக்கு எதிரே உள்ள தோணித்துறை, 1914-இல் ரயில் பாலம் திறப்பதற்கு முன் மக்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. வேம்பார்ப் பக்கத்து நல்லதண்ணித் தீவும் உப்புத்தண்ணித் தீவும் தாகத்தோடு வருபவனுக்குச் சொல்லிவைத்த குறிப்புகளாகவே எனக்குப் படுகின்றன. முதலாவதை 'நன்னீர்த் தீவு' என்று திருத்தச் சொன்னார் எங்கள் மேலதிகாரி ஒருவர். அந்தப் பெயரைச் சொல்லிப் படகுக்காரரிடம் வழி கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை, பழைய பெயரையே மறுபடியும் எழுதி அனுப்பினேன். எல்லாவற்றையும் காது காப்பாற்றிவிடும் என்றும் இல்லை: ஆங்கிலத்தில் கூழாங்கல்லைக் குறிக்கும் 'ஷிங்கிள்', தமிழில் சிங்கிள் தீவாகி, ஒற்றைத் தீவோ என்று இன்றும் வருபவர்களைக் கேட்க வைக்கிறது.

எட்டாவது வரிசையை அடித்துவிட்டு, முயல் தீவு என்பதற்கு நேரே 'கரை வழக்கில் முசல் தீவு' என்று சிவப்பு மையில் எழுதினேன்.